செஃபார்திய யூதர் சமையல் நூல்களில் மாட்டிறைச்சியும் தக்காளியும்: ‘மரபு’ என்னும் சொல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஸ்பெயினிலிருந்து 1492இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழிவந்தோர் தம் குடும்ப மரபுணவு எனக் கொண்டாடும் பல உணவுகள், தக்காளிக் குழம்பில் வெந்த மாட்டிறைச்சியை அடிப்படையாகக் கொண்டவை. தக்காளியோ அவ்வெளியேற்றத்துக்குப் பின்னர் ஐரோப்பாவை அடைந்த அமெரிக்கத் தாவரம். இம்முரணைச் செஃபார்திய உணவு பற்றிய சமையல் நூல்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதையும், பொருள்கள் மாறியபோதும் மாறாது நின்ற சமையல் ஒழுங்கு எது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செஃபார்திய யூதர், லதீனோ, சமையல் நூல், கோஷர், தக்காளி, மரபு.

முன்னுரை

உணவு பற்றிய எழுத்தில் ‘மரபு’ என்னும் சொல் அளவுக்கு ஆராயப்படாமல் ஆளப்படும் சொல் வேறொன்றில்லை எனலாம். ஒரு குழம்பைப் பாட்டி செய்தார், அவருடைய பாட்டியும் செய்தார் என்றால் அது மரபாகிவிடுகிறது. இரண்டு தலைமுறை நினைவு இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மையாக நீட்டிக்கப்படுவது பல சமூகங்களிலும் காணக்கூடியதே. செஃபார்திய யூதர் வழக்கில் இந்நீட்சிக்குத் திட்டவட்டமான தொடக்கப் புள்ளி ஒன்று உண்டு. 1492 மார்ச் 31இல் காஸ்திய அரசி இசபெல்லாவும் அரகான் அரசர் ஃபெர்தினாந்தும் பிறப்பித்த ஆணை, மதம் மாறாத யூதர் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேறச் செய்தது. அவ்வாறு வெளியேறியோரில் பெருந்தொகையினர் பின்னர் உஸ்மானியப் பேரரசில் குடியேறினர். சலோனிகா, இஸ்தான்புல், இஸ்மிர், ரோட்ஸ், சரயேவோ ஆகிய ஊர்களில் அவர்கள் தம் பழைய ஸ்பானிய மொழியை, எபிரேய எழுத்தில் எழுதப்படும் லதீனோவாக, நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பேணினர். மொழியைப் பேணியவர்கள் உணவையும் அவ்வாறே பேணியிருப்பர் என்னும் கருத்து இயல்பாகவே எழுந்தது.

அக்கருத்தைச் சோதிப்பதற்குத் தக்காளியைவிடப் பொருத்தமான கருவி இல்லை. கொலம்பஸ் கப்பலேறிய ஆண்டும் வெளியேற்ற ஆணையின் ஆண்டும் ஒன்றே. மெக்சிகோவின் தெனோச்தித்லான் நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1521இல். தக்காளி பற்றிய முதல் ஐரோப்பிய எழுத்துக் குறிப்பை இத்தாலியத் தாவர அறிஞர் மத்தியோலி தந்தது 1544இல். ஆகவே ஸ்பெயினைவிட்டு வெளியேறிய எந்த யூதப் பெண்ணும் தன் பானையில் தக்காளியைக் கண்டதில்லை. எனினும் தக்காளியை நீக்கிவிட்டால் இன்றைய செஃபார்தியக் குடும்ப உணவில் பாதி காணாமற் போகும். தக்காளிக் குழம்பில் மிதக்கும் இறைச்சி உருண்டைகளாகிய ‘அல்போந்திகஸ்’, மாட்டிறைச்சியும் வெள்ளை பீன்ஸும் தக்காளியும் சேர்ந்த ‘ஃபிஜோனெஸ்’, இறைச்சியோடு வெந்த வெண்டைக்காய், கொத்திய இறைச்சி அடைத்த தக்காளி, இவற்றோடு உண்ணும் சிவந்த தக்காளிச் சோறு ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் அடங்கும். ஃபிஜோனெஸில் பீன்ஸும் அமெரிக்காவிலிருந்து வந்ததே என்பதால் அவ்வுணவில் 1492க்கு முந்தையவை இறைச்சி, வெங்காயம், எண்ணெய் ஆகியவை மட்டுமே.

எதிரிகள் எழுதிய சமையற்குறிப்பு

வெளியேற்றத்துக்கு முந்தைய யூத உணவை அறிய உதவும் சான்றுகள் விந்தையானவை. அவற்றுள் பெரும்பாலானவை அவ்வுணவை உண்டோரால் எழுதப்பட்டவை அல்ல. அவர்களைக் குற்றவாளிகளாக்க முனைந்தோரால் எழுதப்பட்டவை. வெளியில் கிறித்தவராக மாறி வீட்டுக்குள் யூத வழக்கைத் தொடர்ந்தோரைக் கண்டறியப் புனித விசாரணை மன்றம் அடுப்பங்கரைகளைத் துருவியது. பன்றிக் கொழுப்பை விலக்கி எண்ணெயில் சமைத்தல், இறைச்சியிலிருந்து கொழுப்பையும் நரம்பையும் நீக்குதல், வெள்ளிக்கிழமையே சமைத்து வைத்துச் சனிக்கிழமை அடுப்பு மூட்டாதிருத்தல் ஆகியன வேலைக்காரரும் அண்டை வீட்டாரும் அளித்த சாட்சியங்களாகப் பதிவாயின. லோஸ் பலாசியோஸ் ஊர்ப் பாதிரியாரும் வரலாற்றாசிரியருமான அந்திரேஸ் பெர்னால்தெஸ், வெங்காயமும் பூண்டும் எண்ணெயில் வதங்கும் மணத்தையும், இறைச்சியைக் கொழுப்பிலன்றி எண்ணெயில் சமைக்கும் பழக்கத்தையும் யூதரின் இழிவுக்கு அடையாளமாகக் காட்டினார். இன்று மத்தியதரைக் கடல் உணவின் சிறப்பென்று போற்றப்படுவதும் அதே மணம்தான்.

டேவிட் கிட்லிட்ஸ், லிண்டா கே டேவிட்சன் இணையர் 1999இல் வெளியிட்ட ‘எ டிரிஸ்ல் ஆஃப் ஹனி’ என்னும் நூல் இவ்வழக்குப் பதிவுகளிலிருந்து சமையற்குறிப்புகளை மீட்டுருவாக்க முயன்றது. ஒவ்வோர் உணவையும் அதனை உண்டதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட மனிதரோடு இணைத்துக் கூறுவது இந்நூலின் தனிச்சிறப்பு. சமையல் நூல் வகைமையில் இத்தகைய அறப்பொறுப்பு அரிது. ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. சாட்சியம் அளித்தவர் பானையில் என்ன இருந்தது என்று கூறுவார். எவ்வளவு, எத்தனை நாழிகை, எந்த வரிசையில் என்று கூறமாட்டார். வழக்குப் பதிவு தரும் பொருட்பட்டியலை உண்ணத்தக்க உணவாக்கும் பணியில் அக்காலத்துப் பொதுச் சமையல் நூல்களும் இன்றைய சமையலறிவும் துணைக்கு அழைக்கப்படுகின்றன. ஆகவே இந்நூலின் உணவுகளைச் சான்றின்மேல் எழுந்த கற்பனைகள் எனக் கொள்வதே பொருந்தும். அவற்றின் மதிப்பு இதனால் குறைவதில்லை.

இப்பதிவுகள் காட்டும் இறைச்சியுணவில் மையமாக நிற்பது ‘அதஃபீனா’. கொண்டைக்கடலை, இறைச்சி, வெங்காயம், கீரை, முட்டை ஆகியவற்றை மூடிய பானையில் இட்டுத் தணலில் இரவு முழுதும் வேகவிடும் ஓய்வுநாள் உணவு அது. ஓய்வுநாளில் தீ மூட்டுதல் தோரா நூலில் தடைசெய்யப்பட்டமையால் வெள்ளி மாலையே பானை அடுப்பேறும். அதன் நிறம் பழுப்பு, சிவப்பன்று.

புளிப்பின் இடம்

தக்காளி ஏன் இவ்வளவு எளிதில் செஃபார்தியப் பானைக்குள் நுழைந்தது என்னும் வினாவுக்குச் சமையல் நூல்கள் தரும் விடை பெரும்பாலும் வணிக வரலாற்றைச் சார்ந்தது. அமெரிக்கக் காய்கறிகளை மத்தியதரைக் கடற்பகுதியில் பரப்பியதில் செஃபார்திய வணிகர்க்கு முதன்மையான பங்கு உண்டு என்னும் கருத்து இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு மெதிச்சி ஆட்சியாளர் 1590களில் செஃபார்திய வணிகரை அழைத்துக் குடியமர்த்தினர் என்பதும், அவ்வூரின் தக்காளிக் குழம்பு மீன் ‘மோசேயின் பாணி’ என்றும் பெயர் பெற்றது என்பதும் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். லிவோர்னோவைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கதே. ஆனால் பொதுக் கூற்றாக நீட்டும்போது சான்று மெலிகிறது. அச்சில் வந்த மிகப் பழைய தக்காளிச் சமையற்குறிப்புகளுள் ஒன்று அந்தோனியோ லத்தினியின் நூலில், 1692இல் நேப்பிள்ஸ் நகரில் வெளியாயிற்று. அது ‘ஸ்பானிய முறை’த் தக்காளிக் கலவை. நேப்பிள்ஸ் அரசிலிருந்தோ 1541இலேயே யூதர் வெளியேற்றப்பட்டிருந்தனர். ஸ்பெயினிலும் தக்காளியைத் தாராளமாக ஆண்ட குவான் அல்தமிராஸின் 1745ஆம் ஆண்டு நூலை எழுதியவர் ஒரு கிறித்தவத் துறவியே. யூதரே தக்காளியைக் கொண்டு வந்தனர் என்பதைவிட, எல்லோரும் மெல்லக் கைக்கொண்ட ஒன்றை யூதரும் கைக்கொண்டனர் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. உஸ்மானிய நகரங்களில் தக்காளி அன்றாடச் சமையலில் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

வணிகத்தைக் காட்டிலும் சமையலின் உள்ளமைப்பே வலுவான விடையைத் தருகிறது. செஃபார்திய இறைச்சியுணவு தொடக்கமுதலே புளிப்பை நாடியது. பழுக்காத திராட்சையின் சாறு, காடி, மாதுளை, எலுமிச்சை, புளிப்புப் பிளம் ஆகியன தக்காளிக்கு முன்பே அவ்விடத்தில் இருந்தன. முட்டையும் எலுமிச்சையும் சேர்ந்த ‘அகிரிஸ்தாதா’ என்னும் குழம்பின் பெயர் புளிப்பைக் குறிக்கும் ஸ்பானிய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. இறைச்சியையும் பாலையும் சேர்க்கலாகாது என்னும் கோஷர் விதி இதற்கு ஒரு கட்டாயத்தையும் அளித்தது. சுற்றியிருந்த துருக்கியச் சமையல் இறைச்சிக்கு மேல் தயிரை ஊற்றியது, வெண்ணெயில் தாளித்தது. யூத வீட்டில் அவ்விரண்டும் ஆகா. குழம்புக்குத் திண்மையும் புளிப்பும் பளபளப்பும் பாலின்றி வரவேண்டும். தக்காளி இம்மூன்றையும் ஒருசேரத் தந்தது. ஆகவே துருக்கியருக்குத் தக்காளி பல வழிகளுள் ஒன்று. யூதருக்கு அது நெடுநாள் காலியாகக் கிடந்த ஓரிடத்தின் நிறைவு. இவ்வேறுபாட்டைச் சமையல் நூல்கள் போதிய அளவு வலியுறுத்தவில்லை என்பது அவற்றின் பெருங்குறை.

இவ்விடத்தில் அலெப்போ நகர யூதரின் வழக்கு ஒப்புநோக்கத்தக்கது. உள்ளூர் யூதரும் ஸ்பெயினிலிருந்து வந்தோரும் கலந்த அச்சமூகத்தில் இறைச்சியின் புளிப்புக்கு இன்றும் முதன்மையானது புளியே. கொத்திய இறைச்சி பரப்பிச் சுடும் ‘லஹ்மஜீன்’ அப்பத்துக்கும் அவர்கள் புளிக்காய்ச்சலையே சேர்ப்பர். அரபியர் புளியை ‘இந்தியப் பேரீச்சை’ என்பர். பூபா துவெக் 2007இல் வெளியிட்ட ‘அரோமாஸ் ஆஃப் அலெப்போ’ நூல், புளியைக் கரைத்து வடிகட்டி நீண்ட நேரம் காய்ச்சிக் கருஞ்சாறாக்கும் முறைக்கு உரிய இடமளிக்கிறது. புளியைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவரும் தமிழ் வாசகர்க்கு அப்பக்கங்கள் அந்நியமாகத் தோன்றா. இஸ்மிரிலும் ரோட்ஸிலும் தக்காளி பிடித்த இடத்தை அலெப்போவில் புளி விட்டுக்கொடுக்கவில்லை. இடம் ஒன்று; பொருள் இரண்டு.

மாட்டிறைச்சி யாருடையது

தக்காளியின் காலத்தை ஓரளவு வினவும் நூல்களும் மாட்டிறைச்சியை வினவுவதில்லை. உஸ்மானிய உலகில் மதிப்புக்குரிய இறைச்சி செம்மறியாட்டினுடையது. அரண்மனைச் சமையலறை முதல் நகரக் கடைவீதி வரை அதற்கே முதலிடம். மாட்டிறைச்சி பெரிதும் உலர்த்திய ‘பஸ்தர்மா’ செய்யவே பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோட்ஸ், மர்மரா, சலோனிகா யூதர் நியூயார்க், சியாட்டில் நகரங்களுக்குப் புலம்பெயர்ந்தபோது ஆட்டிறைச்சி அரிதாகவும் மாட்டிறைச்சி மலிவாகவும் இருந்த சந்தையைக் கண்டனர். அமெரிக்கத் தொழுகைக்கூடங்களின் மகளிர் மன்றங்கள் தொகுத்த சமையல் நூல்களில் மாட்டிறைச்சி பெற்ற மேலாண்மையை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். தகரப் புட்டியில் அடைத்த தக்காளிக் கூழும் அச்சந்தையின் கொடையே. ‘ஸ்பெயினின் சுவை’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் இவ்விரு பொருள்களும் அடுத்தடுத்து நிற்கும்போது அப்பக்கம் சொல்வது பெரும்பாலும் அமெரிக்க வரலாறே.

மாட்டின் எந்தப் பகுதி என்பதும் கவனிக்கத்தக்கது. யாக்கோபின் தொடை நரம்பு பற்றிய ஆதியாகமச் செய்தியை ஒட்டி விலங்கின் பின்னங்கால் நரம்பு விலக்கப்பட்டது. அதனை நீக்கும் நுண்தொழிலைச் சில செஃபார்தியச் சமூகங்கள் காத்துவந்தன. பிற இடங்களில் பின்பகுதி முழுவதுமே கைவிடப்பட்டது. எஞ்சுவது கழுத்து, தோள், நெஞ்சு, முன்கால் ஆகிய உழைத்து இறுகிய தசைகள். இவற்றை விரைந்து வறுத்தால் தோல்போல் ஆகும். சிறுதீயில் மூன்று மணிநேரம் வெந்தால் அவற்றின் இணைப்புத்திசு உருகிக் குழம்புக்குப் பிசுபிசுப்பைத் தரும். மெல்லச் சமைத்தல் செஃபார்தியரின் பொறுமைக் குணம் என எழுதுவோர் உளர். கசாப்புக் கடைக்காரர் எதைக் கொடுத்தாரோ அதற்கேற்ற சமையல் அது என்பதே நேரான விளக்கம்.

இன்றைய நூல்களில் மறைந்துபோன ஒரு படிநிலையும் உண்டு. கோஷர் முறைப்படி இறைச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒருமணி நேரம் உப்பில் கிடத்திக் குருதியை வடியவிட்டு, மும்முறை கழுவ வேண்டும். முன்பு இது வீட்டுப் பெண்களின் வேலை. இப்போது கடையிலேயே முடிந்துவிடுகிறது. ஆதலால் ‘உப்பு, சுவைக்கேற்ப’ என்னும் ஒற்றை வரியில் அவ்வுழைப்பு முழுவதும் கரைந்துவிட்டது. அவ்விறைச்சியில் உப்பு முன்னமே ஏறியிருப்பதை அறியாத புதிய வாசகர் நூலை நம்பிச் சமைத்தால் குழம்பு கரிக்கும். ஃபிஜோனெஸ் குறிப்பிலும் இத்தகைய மௌனம் உண்டு. தக்காளியின் புளிப்பு பீன்ஸை மெதுவாக வேகச் செய்யும் என்பதால் பீன்ஸ் பாதி வெந்த பின்னரே தக்காளியைச் சேர்ப்பது பழகிய கையின் வழக்கம். பொருட்பட்டியலாக எழுதப்படும் குறிப்பில் இவ்வரிசை எளிதில் தொலைகிறது. ‘மாவு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு’ என்று சொல்லிய பாட்டிமாரின் அளவையைக் கிராமாக மாற்றிய தொகுப்பாசிரியர்கள், அவர்கள் சொல்லாமலே செய்தவற்றையும் எழுதியிருக்க வேண்டும்.

பெயர்களின் சான்று

பொருள்களைவிடப் பெயர்கள் நேர்மையானவை. ‘அல்போந்திகஸ்’ என்பது கொட்டை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. ஆகவே அப்பெயர் வெளியேற்றத்துக்கு முந்தைய அந்தலூசியாவைச் சேர்ந்தது. அதே உருண்டையைக் குறிக்கும் ‘கெஃப்தெஸ்’ துருக்கிய ‘கொஃப்தெ’. திராட்சை இலையில் பொதிந்த உணவுக்கு வழங்கும் ‘யாப்ராகெஸ்’ என்னும் சொல்லில் இலை என்னும் துருக்கியப் பகுதியும் ‘எஸ்’ என்னும் ஸ்பானியப் பன்மை விகுதியும் ஒட்டி நிற்கின்றன. பகுதி மாறியது, விகுதி மாறவில்லை. செஃபார்தியச் சமையல் பற்றி இவ்வொரு சொல் உணர்த்துவதைப் பல முன்னுரைகள் உணர்த்தவில்லை.

தக்காளியின் பெயர்களும் அவ்வாறே. உஸ்மானியர் அதனைத் தொடக்கத்தில் ‘ஃபிராங்கியரின் கத்தரிக்காய்’ என்றனர். லதீனோவில் அது ‘தொமாத்’. எபிரேய மொழி மீண்டும் பேச்சுமொழியானபோது, காமத்தைக் குறிக்கும் வேரிலிருந்து ‘அக்வானியா’ என்னும் சொல் ஆக்கப்பட்டது. ஐரோப்பியர் வழங்கிய ‘காதல் ஆப்பிள்’ என்பதன் நிழல் அது. எலியேசர் பென் யெஹூதா அதை விரும்பாது அரபு வழக்கையொட்டிய ‘பதூரா’வையே விரும்பினார்; மக்கள் அவரைக் கேட்கவில்லை. தமிழில் முன்பே உள்ள ஒரு செடியின் பெயர் ‘சீமைத் தக்காளி’யாகி, பின் அடைமொழி உதிர்ந்து புதிய காய்க்கே உரியதானது. அடைமொழி உதிரும் நாளில்தான் அயற்பொருள் மரபாகிறது. லதீனோவின் ‘தொமாத்’துக்கோ அடைமொழியே இருந்ததில்லை.

நினைவு நூல்களின் மதிப்பு

கெய்ரோவில் 1936இல் பிறந்த கிளாடியா ரோடனின் ‘தி புக் ஆஃப் ஜூயிஷ் ஃபுட்’ 1996இல் வெளிவந்தது. அஷ்கெனாசியர், செஃபார்தியர் என உலக யூத உணவை இரு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஊரின் வரலாற்றையும் உணவோடு சேர்த்துச் சொல்லும் பெருநூல் அது. 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பின் எகிப்தைவிட்டுச் சிதறிய குடும்பங்கள் ஒருவருக்கொருவர் சமையற்குறிப்புகளைக் கேட்டு எழுதிக்கொண்டதிலிருந்தே ரோடனின் எழுத்து தொடங்கியது. ஆதலால் அந்நூலில் உணவு எப்போதும் ஓர் ஊரின் இழப்போடு பிணைந்தே வருகிறது. யூத உணவு என ஒன்று தனியே இல்லை, வாழ்ந்த மண்ணின் உணவே யூத விதிக்குள் வடிவம் கொண்டது என்னும் தெளிவு அவரிடம் உண்டு. ஆனால் ஊர்வாரியான அமைப்பு காலவாரியான மாற்றத்தை மறைக்கிறது. இஸ்தான்புல் என்னும் தலைப்பின்கீழ் பதினாறாம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டும் ஒரே மேசையில் அமர்கின்றன.

நிக்கோலஸ் ஸ்தாவ்ருலாகிஸ் 1986இல் வெளியிட்ட கிரேக்க யூதரின் சமையல் நூலைப் படிக்கும் முறை வேறு. அவர் கிரேக்க யூத அருங்காட்சியகத்தை உருவாக்கியவர். 1943 மார்ச் 15இல் முதல் தொடர்வண்டி சலோனிகாவிலிருந்து ஆஷ்விட்சுக்குப் புறப்பட்டது. சில மாதங்களில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கொண்ட அச்சமூகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. சமைத்தவரும் உண்டவரும் ஒருசேர அழிந்தபின் எஞ்சியதைத் தொகுக்கும் நூலிடம், உன் தக்காளி எந்நூற்றாண்டினது என்று வினவுவது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். உண்மையில் அவ்வினாதான் அந்நூலுக்கு உரிய மரியாதையைத் தருகிறது. லீக் தாளும் மாட்டிறைச்சியும் பிசைந்து பொரித்துத் தக்காளியில் இட்ட ‘கெஃப்தெஸ் தெ பிராசா’ இடைக்கால ஸ்பெயினின் எச்சம் எனப் போற்றப்படுமானால் அதைச் சமைத்த சலோனிகாப் பெண்கள் வெறும் சுமைதாங்கிகளாகிவிடுகின்றனர். அது பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் அவர்களே ஆக்கியது எனக் கொண்டால், அழிக்கப்பட்டது ஒரு பழங்காலச் சின்னமன்று, ஆக்கத்திறன் குன்றாத ஒரு சமூகம் என்பது விளங்கும்.

ஸ்பெயின் 2015இல் இயற்றிய சட்டம் செஃபார்தியர் வழிவந்தோர்க்குக் குடியுரிமை கோரும் வாய்ப்பை அளித்தது. லதீனோவையோ ஹகேத்தியாவையோ குடும்ப மொழியாகப் பேசுவதும் சான்றுகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. விசாரணை மன்றத்தின் முன் குற்றத்துக்குச் சான்றாக நின்ற வீட்டு வழக்கம் இப்போது உரிமைக்குச் சான்றாகும் நிலை வந்தது. இத்தகைய சூழலில் சமையல் நூல்கள் ஸ்பெயினை நோக்கியே சாய்வது வியப்பன்று. ‘அதஃபீனா’வை முன்னிறுத்தும் நூலுக்கு மாத்ரிதில் கிடைக்கும் செவி, புட்டித் தக்காளியில் வெந்த சியாட்டில் ஃபிஜோனெஸுக்குக் கிடைப்பதில்லை. அந்த ஃபிஜோனெஸைச் சமைத்த முதல் தலைமுறைப் பெண்களின் கையெழுத்துக் குறிப்பேடுகள், தக்காளியின் அளவையும் வாங்கிய கடையின் பெயரையும் தாங்கியவாறு, இன்னும் குடும்பங்களின் மேசை இழுப்பறைகளிலேயே கிடக்கின்றன.